பால் குடித்த பிறகு

பெரியவர்களிடம் அவர் சொல்வதில் பாதிக்குப் பாதி பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. காலையில் வேலைக்குத் தாமதமாக வந்தால் மோட்டார்வேயில் விபத்து என்பார். அவர் வீடோ அடுத்த தெரு. மோட்டார்வே பக்கமே அவருக்கு வேலை கிடையாது. நாள் முழுக்க மற்றப் பிள்ளைகளைக் கடித்து வைத்த பையனைக் கூட்டிப்போக அவன் அம்மா வந்தால், "இண்டைக்கு ஆள் தங்கம்" என்று முகம் மாறாமல் சொல்வார். என் மனைவி ஒருநாள் அவசரத்தில் சுடிதாரை உட்புறம் வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டு போய் நின்றபோது, "வடிவாயிருக்கு, எங்க வாங்கினீங்கள்?" என்று கேட்டவர் அவர்.

ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயது வராத எந்தப் பிள்ளையிடமும் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. செத்தாலும் சொல்ல மாட்டார். பல சமயம் அது எங்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. அந்தத் தொல்லைக்காகத்தான் இன்றும் அவரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில், த்ரீ கிங்ஸ் பக்கம் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தமிழர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவரைத் தெரியும். பெயரைப் போட்டால் அந்த மோட்டார்வே விபத்துகளுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டிவரும். அங்கே ஒரு சின்ன மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர், அவ்வளவுதான். மழையோ வெயிலோ காலில் முழங்கால்வரை ஏறிய பச்சை ரப்பர் கம்பூட்ஸ். சட்டைப் பை நிறைய டிஷ்யூ. எந்தப் பிள்ளையோடு பேசினாலும் குந்தி உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துத்தான் பேசுவார்.

நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்கள். என் மனைவி சுகந்தி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்ததால்தான் வீட்டில் எல்லோருக்கும் விசா. நான் விரி என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிறேன். மகள் கயலுக்கு அப்போது இரண்டரை வயது. முதலில் அவளை வேறொரு பள்ளியில் சேர்த்திருந்தோம். "விளையாடிட்டு இருக்கும்போது நைஸா நழுவிடு மாப்ள, ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடும்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஊரிலும் அதுதானே வழக்கம். நழுவினேன். மணலில் குழி தோண்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், அப்பாவைக் காணோம். அன்றைக்கு வாந்தி எடுக்கும்வரை அழுதாள். அதற்குப் பிறகு நான் வீட்டில் பாத்ரூமுக்குப் போனால்கூட வெளியே உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அந்த வாரமே அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம்.

அப்புறம் நானும் சுகந்தியும் மாற்றி மாற்றி லீவ் போட்டோம். கிடங்கில் என் மேலாளர் நல்ல மனுஷன், அவருக்கே அலுத்துவிட்டது. சுகந்திக்கோ வேலையில் இன்னும் சோதனைக்காலம் முடியவில்லை. இந்தப் புதுப் பள்ளியும் சரிப்படாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்தால் வாடகை கட்ட முடியாது. அவள் உட்கார்ந்தால் விசா போய்விடும், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிள்ளை அழாமல் இருந்தால் பழனிக்கு மொட்டை என்று சுகந்தி வேண்டிக்கொண்டாள். யாருக்கு மொட்டை என்று சொல்லவில்லை. ஆனால் என் தலையைத்தான் பார்த்தாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் காக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆக்லாந்தில் காக்கை கிடையாது. இங்கே வந்ததிலிருந்து என் மகள் ஒரு காக்கையைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் காணாமல் போன சாக்லேட், ரிமோட், கத்தரிக்கோல், போன் எல்லாவற்றையும் காக்காதான் தூக்கிக்கொண்டு போயிருந்தது. என்னை வளர்த்ததும் இதே காக்காதான். பிளேன் ஏறி எங்களோடு வந்துவிட்டது. அழுதால் போலீஸ் வரும், ஊசி வலிக்கவே வலிக்காது, அம்மா இதோ அஞ்சு நிமிஷத்தில் வந்துடுவாங்க என்று மற்றவையும் கூடவே வந்தன. இதையெல்லாம் பொய் என்றே நாங்கள் நினைத்ததில்லை. பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதான்.

புதுப் பள்ளியில் முதல் நாள் காலை தூறிக்கொண்டிருந்தது. வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள். கயல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் போனில் பாட்டு வீடியோ பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே போன் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவள் கதவைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"போன் எங்கப்பா?"

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சுடா தங்கம்."

பச்சைக் கம்பூட்ஸ் போட்ட ஒருவர் எங்கள் முன்னால் வந்து, நான் கயலை இறக்கிவிட்டதும் அவள் முன்னே குந்தினார்.

"காகமோ? இல்லைப் பிள்ளை, இஞ்ச காகமே இல்லை. போன் அப்பாட சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடக்கு. உள்ளுக்கப் போன் பாக்கிறேல்லை. அதுதான் அப்பா எடுத்து வச்சவர்."

கயல் என் சட்டைப் பையைப் பார்த்தாள். பை வெளிச்சமாக இருந்தது. பாட்டு வேறு உள்ளே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அசடு வழிந்தேன். கயல் அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை. அந்த டீச்சர் முகத்தையே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி தம்பி, நீங்கள் வெளிக்கிடுங்கோ."

"இருங்கக்கா. விளையாட ஆரம்பிக்கட்டும். நான் அப்படியே சத்தம் போடாம..."

"கள்ளமாப் போகக் கூடாது. சொல்லிப்போட்டுப் போங்கோ."

"சொன்னா அழுவாளே!"

"ஓம், அழுவா. அழட்டும். அழுற பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கத்தானே எனக்குச் சம்பளம் தருகினம்."

வேறு வழியில்லாமல் நானும் குந்தினேன். "அப்பா போயிட்டு அஞ்சே நிமிஷத்துல ஓடி வந்துடுவேன்டா" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இல்லைக் குஞ்சு," என்றார் டீச்சர் உடனே. "அப்பா இப்ப வரமாட்டார். நீங்கள் விளையாடி, சாப்பிட்டு, நித்திரை கொண்டு எழும்பி, பால் குடிப்பீங்கள். பால் குடிச்சாப் பிறகு அப்பா வருவார்." என் பக்கம் திரும்பினார். "வருவீங்கள்தானே?"

"வருவேன்க்கா."

"எனக்கு ஏன் சொல்லுறீங்கள்? அவவுக்குச் சொல்லுங்கோ."

"பால் குடிச்ச அப்புறம் அப்பா வருவேன்" என்று மகளிடம் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், த்ரீ கிங்ஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அழுகை. டீச்சர் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஜன்னலுக்க வந்து அப்பாக்குக் கை காட்டுவம்" என்று ஜன்னலுக்குக் கொண்டுவந்தார். கயல் எங்கே கை காட்டினாள், கண்ணாடியை அடித்தாள். எனக்கு அந்த அம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாய்க்கு வந்த அஞ்சு நிமிஷத்தை விட்டுத் தொலைத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று காரில் ஏறி ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் காரை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டீ நேரத்தில் சுகந்தி போன் செய்தாள். "அழுதாளாங்க?" என்றாள். "சேச்சே, ஜம்முனு போயிட்டா" என்றேன். "ம், சரி சரி" என்று போனை வைத்துவிட்டாள். எத்தனை வருஷமாக என்னைத் தெரியும் அவளுக்கு.

மதியத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை. மறுபடி பள்ளி வாசலுக்குப் போய்க் கேட்டைத் திறக்கப் பார்த்தேன். டீச்சர் கம்பூட்ஸ் சத்தத்தோடு ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி?"

"சும்மாக்கா. ஒரு எட்டுப் பார்த்துட்டு, முடிஞ்சா இன்னிக்கு சீக்கிரமே கூட்டிட்டு..."

"இன்னும் பால் குடிக்கேல்லையே."

"என்னது?"

"நான் பிள்ளைக்கு என்ன சொன்னனான்? பால் குடிச்சாப் பிறகு வருவார் எண்டு. இப்ப உங்களைக் கண்டால் நான் சொன்னது பொய்யாப் போயிடும். பிறகு நாளைக்கு, பாலுக்கு முதலே வருவார் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டே நிப்பா. நீங்கள் வரமாட்டீங்கள். போயிட்டுப் பால் முடிய வாங்கோ."

"அழுறாளாக்கா?"

"இல்லையே! ஆள் நல்ல சந்தோசம்" என்றார். உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. பெற்றவனுக்குத் தெரியாதா அந்தக் குரல். இரண்டு பேரும் அது காதில் விழாத மாதிரி நின்றோம்.

திரும்பிப் போனேன். பக்கத்து டெய்ரியில் ஒரு பாட்டில் பால் வாங்கிக் காரில் உட்கார்ந்து குடித்தேன். ஒருவழியாக நேரம் வந்தது. உள்ளே போனபோது கயல் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன, மேலுதட்டில் பால் மீசை. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்துக்கொண்டு நின்றேன். அவள் வரவில்லை. முதலில் காலி டம்ளரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் டீச்சரைப் பார்த்து, "பால் குச்சாச்சு. அப்பா வந்தாச்சு" என்றாள்.

"ஓம். பால் குடிச்சாச்சு, அப்பா வந்திட்டார்" என்றார் டீச்சர்.

அன்று மாலை நான் பாத்ரூமுக்குப் போனபோது, "பால் குச்சப்புறம் வருவியா?" என்று கேட்டாள். "இல்லடா, இப்பவே, தண்ணி ஊத்துற சத்தம் நின்னதும் வருவேன்" என்றேன். கதவு தட்டப்படவில்லை. உள்ளே நின்று நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மறுநாளும் அவள் பள்ளியில் அழுதாள், அதற்கு மறுநாளும் அழுதாள். ஆனால் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. சுகந்தியின் சோதனைக்காலம் முடிந்தது, வேலை நிலைத்தது, விசா நிலைத்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பழனியில் என் தலை மொட்டையானது.

அதற்காக எல்லாம் சுகமாகப் போனது என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் வளர்த்த முயல் ஒன்று செத்துப்போனது. பண்ணைக்குப் போய்விட்டது என்று சொல்லலாம் என்று மற்ற டீச்சர்கள் முடிவு செய்திருந்தார்கள். இவர் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, முயல் செத்துவிட்டது, இனி வராது என்று சொல்லி, தோட்டத்தில் புதைத்த இடத்தையும் காட்டிவிட்டார். அன்று ராச்சாப்பாட்டில் கயல் எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்க எப்போ சாவீங்க?" என்றாள். சாம்பார் சுகந்திக்குப் புரையேறியது. சில பெற்றோர் போய்ச் சண்டை போட்டார்கள். அவர்கள் எல்லோரிடமும் டீச்சர், "ஐயோ, நான் ஒண்டுமே சொல்லேல்லை, பிள்ளையள் தாங்களாக் கண்டுபிடிச்சிட்டினம்" என்று கூசாமல் சொன்னார்.

பிள்ளைகள் வரைந்த படத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்படித்தான். "நாய்க்கு ஆறு கால் இருக்கு. நிறம் நல்லாயிருக்கு" என்பார். பிள்ளைகள் அதற்காக முகம் வாடியதே இல்லை. அவர் 'நல்லாயிருக்கு' என்று சொன்னால் நிஜமாகவே நல்லாயிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் விரியிலிருந்து வரும்போது மோட்டார்வேயில் நிஜமாகவே விபத்து. வண்டி நகரவில்லை. பள்ளியை மூடும் நேரம் தாண்டிவிட்டது. போன் செய்து, "அக்கா, மோட்டார்வேயில் ஆக்சிடெண்ட்" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "அது நான் சொல்லுறது எல்லோ தம்பி!"

"சத்தியமா ஆக்சிடெண்ட்க்கா."

பின்னாலேயே அவர் கயலிடம் சொல்வது கேட்டது. "அப்பா பிந்தித்தான் வருவார். எப்ப வருவார் எண்டு அவருக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. வரும்வரைக்கும் நான் இஞ்சதான் இருப்பன்."

நான் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் வாசல் படியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கென்ன தம்பி வேலை, வீட்டுக்குப் போனாலும் சும்மாதான் இருப்பன்" என்றார். காரில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து கயல், "டீச்சர் பையனுக்கு டுடே பர்த்டே. கேக் வெயிட்டிங்" என்றாள். காரை நிறுத்தி இறங்கி ஓடினேன். அதற்குள் அவர் தெரு முனை திரும்பிப் போயிருந்தார். எங்களிடம் சொல்லாத நிஜமெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த வாரம் பையனுக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுக்கப் போனபோது கேட்டேவிட்டேன். இவ்வளவு பிடிவாதத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு பெரிய துக்கம் இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர் வேறு, போர்க்காலத்துக் கதை ஒன்று வரும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, "சின்னப் புள்ளையா இருக்கும்போது உங்ககிட்ட யாராவது பொய் சொல்லிட்டாங்களாக்கா?" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்பிடி ஒரு கதையும் இல்லைத் தம்பி! பொய் சொன்னால் இதுகளை மத்தியானம் நித்திரையாக்க ஏலாது. ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கொண்டு படுக்குங்கள். எங்கட அப்பா இருக்கிறார், இஞ்ச பக்கத்தில, பாப்பாடோய்டோயில. ஒவ்வொரு நாளும் என்னோட ரிமோட்டுக்குச் சண்டை. என்னட்டை ஆர் பொய் சொல்லுறது!"

எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. நானும் சிரித்துவைத்தேன்.

கயலுக்கு ஐந்து வயது ஆவதற்குச் சில மாதம் முன்னால் அவர் குடும்பத்தோடு மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தார். கணவருக்கு அங்கே வேலை. 'ஹாலிடே போகிறேன்' என்று சொன்னால் போதும் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்பாரா? ஒவ்வொரு பிள்ளை முன்னாலும் தனித்தனியாகக் குந்தி, தான் போவதையும் இனி வரப்போவதில்லை என்பதையும் சொன்னார். அன்றைக்குப் பள்ளி முழுக்க ஒரே ஒப்பாரி. அவர் டிஷ்யூ எல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில் தன் சால்வையால் மூக்குகளைத் துடைத்தார்.

ஐந்து முடிந்ததும் கயல் பெரிய பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் நான்தான் காரில் கொண்டுபோனேன். அவளைவிடப் பெரிய பை. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள்.

"ஸ்கூல்ல பால் குடுப்பாங்களா?"

"இல்லடா."

"தென் எப்போ வருவே?"

"கடைசி மணி அடிச்சதும் வருவேன்."

"ஷ்யூர்?"

"ஷ்யூர்."

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு, வானிலை சொல்வதுபோல் சொன்னாள். "டீச்சரோட டாடி வரவே இல்லை, தெரியுமா?"

"எந்த டாடி? அவர் பாப்பாடோய்டோயிலதானே இருந்தார்?"

"நோ அப்பா. டீச்சர் போன அன்னிக்கு நான் கேட்டேன். உங்க டாடி உங்களைக் கூட்டிட்டுப் போக வருவாரான்னு. இல்லைன்னாங்க. டீச்சர் லிட்டிலா இருக்கும்போது வெளிய போனாராம். அவங்க மம்மி எவ்ரி டே, 'இதோ வந்துடுவார், இதோ வந்துடுவார்'னு சொன்னாங்களாம். பட் அவர் வரலை. சோ டீச்சர் வெயிட் பண்ணாங்க. எவ்ரி டே வெயிட் பண்ணாங்க."

எனக்கு ரோடு சரியாகத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அந்த அப்பாவை எனக்காக அவர் எவ்வளவு வேகமாகச் செய்து கொடுத்தார் என்று நினைத்தேன். நான் சங்கடப்படக் கூடாதே என்று செய்தது. என் மகள் கேட்டபோது மட்டும் அப்படிச் செய்ய அவருக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டு வாசலில் காத்திருந்த அந்தக் குழந்தையால்தான் என் குழந்தை நிம்மதியாகப் பால் குடித்தது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பள்ளியில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். கயல் கொஞ்சம் அழுதாள். அழட்டும் என்று விட்டேன்.

அன்று எனக்கு லீவ்தான். பிற்பகலில் வழக்கம்போல் பொறுக்க முடியாமல் முன்கூட்டியே போய்க் கேட் முன்னால் நின்றேன். போனை எடுத்து மெல்பர்னுக்குச் செய்தி அனுப்பினேன். 'அக்கா, கயல் இன்னிக்குப் பெரிய ஸ்கூல் சேர்ந்துட்டா.' கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் அனுப்பினேன். 'அப்பா எப்படி இருக்கார்?'

உடனே பதில் வந்தது. 'அப்பா நல்ல சுகம் தம்பி. இஞ்ச வந்தும் ரிமோட்டுக்குச் சண்டைதான்.'

'நான் கேட்டதா சொல்லுங்கக்கா' என்று எழுதினேன்.

'ஓம், கட்டாயம் சொல்லுறன்' என்றார். அப்புறம், 'நீங்கள் இப்ப எங்க நிக்கிறீங்கள்?'

'ஸ்கூல் வாசல்ல.'

'மணி அடிச்சிட்டுதோ?'

'இன்னும் இல்லக்கா.'

'அப்ப பிள்ளையின்ர கண்ணில படாம தள்ளி நில்லுங்கோ.'

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஒரு வேனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மணி அடித்தது. அதற்கப்புறம்தான் போனேன்.